அவங்க வந்தாச்சா?

எருசலேமில் முதல் விசுவாசிகள் ஒருவர் வீட்டில் ஒருவர் சந்தோஷமாய்ச் சாப்பிட்டார்கள் (அப். 2:46). ஆனால் கொரிந்து சபையில் நடந்தது என்ன? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், குடித்து வெறித்தார்கள். ஏழைகளோ பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுல் அதைக் கர்த்தருடைய பந்தியென்று ஏற்கவேயில்லை (1 கொரி. 11:20,21). ஏழையைத் தலைகுனிய வைப்பது தேவனுடைய சபையையே அவமதிப்பது என்று கடிந்துகொண்டார் (வச. 22). ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னார் (வச. 33).

நம்ம சபையில் எப்படி? உபவாச ஜெபம் முடிந்து சாப்பாடு போடும்போது, கூலிவேலை முடித்துப் பிந்தி வருகிற சகோதரிக்கு மிஞ்சுவது அடிச்சோறும் ரசமும்தானா? பந்தியில் உட்காருமுன் சுற்றிப் பாருங்க. யார் இன்னும் வரலை? முதலில் அவங்க பங்கை எடுத்து வைங்க. பிறகு ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிடுங்க. ஆமென்.