லாடம் கழற்ற சில நிமிடம், குளம்பு தேற ஓர் ஆண்டு

மாணவர்களே, நகம் வெட்டும்போது நமக்கு வலிப்பதில்லை. அதே வெட்டு நகத்தடிச் சதையில் பட்டுவிட்டால் துடித்துப் போகிறோம். குதிரையின் குளம்பும் அப்படித்தான். வெளியே உணர்ச்சியற்ற கடினமான ஓடு இருக்கிறது. உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த சதை இருக்கிறது.

20 வயதுக் குதிரை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பல ஆண்டுகளாக அது லாடத்துடன் நடந்து பழகியது. இப்போது சவாரி குறைந்துவிட்டதால், இனி லாடம் தேவையில்லை என்று உரிமையாளர் முடிவு செய்கிறார். லாடத்தைக் கழற்றுவது எளிது. ஆனால், அதன்பின் குதிரை வலியின்றி நடக்குமா?

குளம்பின் அமைப்பு

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலின் நுனியில்தான் நிற்கிறது. அந்த விரல் எலும்பைச் சுற்றியுள்ள உறையே குளம்பு. அதன் வெளிச்சுவர் நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அடியில் 'அடித்தட்டு' இருக்கிறது. பின்பகுதியில், ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில், ரப்பர் போன்ற ஒரு திண்டும் உண்டு. கால் தரையில் பதியும்போது குளம்பின் பின்பகுதி சற்றே விரிகிறது. திண்டும் அதற்கு மேலுள்ள மெத்தை போன்ற திசுவும் அதிர்வைத் தாங்குகின்றன.

லாடம் என்ன செய்கிறது?

லாடம் என்பது பிறை வடிவ உலோகத் தகடு. மலாய் மொழியிலும் அதற்கு 'லாடம்' என்றே பெயர். அதை வெளிச்சுவரின் உணர்ச்சியற்ற பகுதியில் ஆணியடித்துப் பொருத்துவார்கள். கடினமான சாலையில் குளம்பு தேய்ந்து போகாமல் அது காக்கிறது. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மீண்டும் அடிக்க வேண்டும்.

ஆனால் ஒரு விளைவும் உண்டு. லாடம் அடித்தட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்திவிடுகிறது. காலணியுடனேயே நடப்பவரின் பாதம் மென்மையாக இருப்பதுபோல, தரையின் அழுத்தம் படாத அடித்தட்டும் திண்டும் வலுக்குறைந்து போகலாம். ஆணித் துளைகள் சுவரின் கீழ்ப்பகுதியையும் பலவீனமாக்குகின்றன. இந்த நிலையில் திடீரென லாடம் இல்லாமல் கற்கள் மீது நடந்தால் குதிரைக்கு வலிக்கும். சுவரின் ஓரமும் உடைந்து சிதறும்.

ஒரு சிறு கணக்கு

வெளிச்சுவர், மேலே தோலும் குளம்பும் சேரும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. முன்பக்கச் சுவரின் நீளம் 80 மில்லிமீட்டர், மாத வளர்ச்சி 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 80ஐ 8ஆல் வகுத்தால் 10. அதாவது, சுவர் முழுவதும் புதிதாக மாற 10 மாதங்கள் ஆகும். வயது ஏறினால் வளர்ச்சியின் வேகம் குறையும். மாதம் 6 மில்லிமீட்டர்தான் வளர்ந்தால் 13 மாதங்களுக்கும் மேல் ஆகும். முதிய குதிரைக்குப் பொறுமை ஏன் வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

படிப்படியான மாற்றம்

முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. எக்ஸ்-ரே படத்தில் அடித்தட்டின் தடிமனை அளக்கலாம். அது மிக மெல்லியதாக இருந்தால் அவசரப்படக் கூடாது.

குதிரையின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. எனவே, பலர் முதலில் பின்னங்கால் லாடங்களை மட்டும் கழற்றுகிறார்கள். குதிரை பழகிய பிறகே முன்னங்கால்களுக்கு வருகிறார்கள். கழற்றியதும் சுவரின் கூரிய ஓரத்தை அரத்தால் உருட்டிவிட்டால் உடைவது குறையும்.

அடுத்தது தரை. முதலில் புல், மணல் போன்ற மென்மையான தரையில் குறைந்த நேரம் நடக்க விட வேண்டும். பிறகு மெல்ல மெல்லக் கடினமான தரைக்குப் பழக்க வேண்டும். கரடுமுரடான பாதையில் செல்ல நேர்ந்தால், மாட்டிக் கழற்றக்கூடிய ரப்பர் காலணிகள் உண்டு. தரையைக் கொண்டு குளம்பை உறுதிப்படுத்துவது பழைய அறிவுதான். கிரேக்க எழுத்தாளர் ஸெனஃபோன், குதிரை நிற்கும் இடத்தில் உருண்டைக் கற்களைப் பரப்பச் சொல்லி, கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

நம் நாட்டைப் போல் மழை அதிகமுள்ள இடங்களில் ஈரமும் ஒரு சிக்கல். நீரில் ஊறிய நகம் மென்மையாவதுபோல, எப்போதும் சேற்றில் நிற்கும் குளம்பும் மென்மையாகிவிடும். அதனால் உலர்ந்த நிற்குமிடம் அவசியம்.

எப்போது நிறுத்த வேண்டும்?

முதிய குதிரைகளில் சிலவற்றுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு ஏற்படுகிறது. அது குளம்புச் சுவரையும் எலும்பையும் இணைக்கும் திசு வீங்கி நோவதற்கு வழிவகுக்கலாம். சர்க்கரைச் சத்து மிகுந்த தீவனமும் இந்த ஆபத்தைக் கூட்டும். ஆகவே, குளம்பைக் கவனிப்பவர் தீவனத்தையும் கவனிக்க வேண்டும்.

குதிரை அடியைக் குறுக்கி வைப்பது, திரும்பத் தயங்குவது, குளம்பு சூடாக இருப்பது, குளம்புக்கு மேலே நாடி பலமாகத் துடிப்பது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அவற்றைக் கண்டால் பயிற்சியை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். 'போகப் போகப் பழகிவிடும்' என்று விட்டுவிடுவது கொடுமை. சில குதிரைகளுக்கு லாடமே நல்லது என்ற முடிவுக்கும் வர நேரலாம். லாடம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, குதிரை வலியின்றி நடக்கிறதா என்பதே முக்கியம்.

செய்து பாருங்கள்: உங்கள் கட்டைவிரல் நகத்தின் அடியில், தோலை ஒட்டி, நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள். அழிந்தால் அதே இடத்தில் மீண்டும் வையுங்கள். 4 வாரம் கழித்து அது எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். உங்கள் நகம் முழுவதும் மாற எத்தனை மாதம் ஆகும்? குளம்பின் கணக்குடன் ஒப்பிடுங்கள்.