ஏடன்: துறையும் நீரும்

அரபு நாட்டின் தென்மேற்குக் கோடியில், செங்கடலின் வாயிலாகிய பாபெல்மாந்தெப் நீரிணைக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில், ஏடன் என்னும் தொன்மையான துறைமுகப்பட்டினம் அமைந்துள்ளது. ஒரு நகர் வாழ்தற்கு வேண்டுவன யாவை என்று ஆராய்வார்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. இயற்கை இந்நகர்க்குத் துறையை வாரி வழங்கிற்று, நீரை மறுத்தது. அதன் வரலாற்றை இவ்விரண்டனையும் உளங்கொண்டு ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

ஏடன் நிற்பது அவிந்துபோன எரிமலையொன்றன்மீது. பெருநிலத்தோடு அதனை இணைப்பது தாழ்ந்த மணற்பாங்கான நிலவிடுக்கு ஒன்றே. பழைய நகரம் அவ்வெரிமலையின் வாய்க்குள்ளேயே அமைந்துள்ளது. 1,700 அடிக்கு மேல் உயர்ந்த ஷம்சான் மலை அதனை மதில்போற் சூழ்ந்து நிற்கும். கிழக்கே கடல் திறந்திருக்கும். அவ்வாயிலைச் சீரா என்னும் பாறைத்தீவு காவல் புரியும். மலைக்கு மேற்கே ஏடன், சிற்றேடன் என்னும் இரண்டு தீபகற்பங்கள் நண்டின் கொடுக்குகளைப்போல் வளைந்து ஓர் அகன்ற குடாவை அணைத்துள்ளன. பழங்காலத்து மரக்கலங்கள் சீராவின் பக்கத்தும், பிற்காலத்து நீராவிக் கப்பல்கள் மேற்குக் குடாவிலும் தங்கின.

ஆயின், இங்கே ஆறில்லை, பசும்புல்லும் அரிது. ஆண்டில் பெய்யும் மழை சில அங்குலமே. அதுவும் பொய்த்துப்போதல் உண்டு. பெய்யுங்காலோ, பாறைச்சரிவில் வெள்ளமாய் இழிந்து விரைவிற் கடலிற் கலந்துவிடும். அந்நீரைத் தடுத்து நிறுத்தவே முன்னோர் தவீலா என்னும் மலையிடுக்கிற் குளங்களை அமைத்தனர். இவை நம் நாட்டுக் குளங்களைப்போல் மண்கரை இட்டவை அல்ல. பாறையைக் குடைந்தும், கற்சுவர் எழுப்பியும், நீர் கசியாத சாந்து பூசியும் ஆக்கப்பட்டவை. ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்தமையால், மேற்குளம் நிரம்பி வழியும் நீர் கீழ்க்குளத்தை அடையும். ஒருகாலத்து ஐம்பதளவு இருந்தன என்பர், எஞ்சியுள்ளவை 13. அவை ஏறத்தாழ 2 கோடி காலன் நீர் கொள்வன. நகரின் தாகத்தைத் தணித்தலோடு, வெள்ளத்தினின்று அதனைக் காத்தலும் இக்குளங்களின் பயனாம்.

கி.பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற செங்கடற் பெரிப்புளூஸ் என்னும் கடல்வழி நூல், 'வளமிக்க அரேபியா' எனப் பொருள்படும் பெயரால் இந்நகரைக் குறிக்கின்றது. இந்தியக் கலங்கள் எகிப்துவரை செல்லத் துணியாமலும், எகிப்துக் கலங்கள் இதற்கு அப்பாற் போகத் துணியாமலும் இருந்த நாளில், இருதிறத்துப் பண்டங்களும் ஈண்டே கைமாறின. நூலாசிரியர் காலத்திலோ, இது படையெடுப்பால் அழிந்து சிற்றூராகிவிட்டது. பருவக்காற்றின் இயல்பறிந்த மாலுமிகளும் அப்பொழுது நடுக்கடலைக் கடந்து நேரே முசிறி முதலிய துறைகளை அடையலாயினர். எனினும், இவ்வூர் நீர் அண்டைத் துறையாகிய ஒக்கேலிஸின் நீரினும் இனியதென அவர் மறவாது குறித்திருத்தல் நோக்கற்பாலது.

எகிப்தில் பாத்திமியர் ஆட்சி ஓங்கியபின் இந்திய வாணிகம் பாரசீக வளைகுடாவினின்று செங்கடற் பக்கம் திரும்பிற்று. ஏடனும் மீண்டும் தழைத்தது. கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடம் ஒன்றிற் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள், ஏடன் வணிகர் மங்களூரில் இருந்த தம் கூட்டாளியோடு மிளகு, இரும்பு, வெண்கலக் கலங்கள் ஆகியவற்றைக் குறித்து நடத்திய வாணிகத்தைத் தெளிவுறக் காட்டுகின்றன. இச்செல்வத்தை விரும்பிய கீஷ் தீவின் அரசன் 1135இல் கப்பற்படையை ஏவினான். நகரைக் கைப்பற்ற இயலவில்லை. ஏறத்தாழ 1330இல் இங்கு வந்த இபன் பதூதா, கொல்லம், கோழிக்கோடு, மங்களூர் முதலிய ஊர்களினின்று பெருங்கலங்கள் வருதலைக் கண்டார். பயிரும் மரமும் நீருமற்ற அவ்வூரில் மழைநீரைத் தேக்கிவைக்கும் குளங்கள் இருந்தன என்றும், குடிநீர் தொலைவில் இருந்தமையால் அரேபியப் பழங்குடியினர் வழிமறித்துப் பணமும் துணியும் பெற்ற பின்னரே அதனை எடுக்கவிட்டனர் என்றும் எழுதினார். உலகின் பண்டங்களெல்லாம் குவிந்த நகரம் ஒரு குடம் நீருக்குப் பிறர் கையை எதிர்நோக்கி நின்ற நிலையை என்னென்பது!

1513இல் போர்த்துக்கீசியத் தளபதி ஆல்புகர்க் ஏணிகளைச் சார்த்தி மதிலேற முயன்றான், ஏணிகள் முறிந்தன, முயற்சி வீணாயிற்று. 1538இல் துருக்கியர் நகரைக் கைக்கொண்டனர். பின்னர்க் காப்பி வாணிகத்தால் மோக்கா என்னும் துறை உயர, ஏடன் தாழ்ந்தது. 1837இல் மதராஸைச் சேர்ந்த தரியா தௌலத் என்னும் கப்பல் ஏடனருகே தரைதட்டிக் கொள்ளையிடப்பட்டது. அதனைக் காரணங்காட்டி ஆங்கிலேயர் 1839ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் ஏடனைக் கைப்பற்றினர். அப்பொழுது அங்கிருந்தோர் ஏறத்தாழ 600 பேரே. வாணிகம் அகன்றபின் பேணுவாரின்றிக் குளங்களும் மண்ணும் கல்லும் மூடிக் கிடந்தன. 1854இல் பிளேபேர் என்னும் அதிகாரி அவற்றைக் கண்டறிந்து தூர்வாரத் தொடங்கினார். எனினும் மழை போதாமையால், கடல்நீரைக் காய்ச்சி வடித்தும் குடிநீர் பெற வேண்டியிருந்தது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், நிலக்கரி ஏற்றிக்கொள்ளும் கப்பல்களால் துறை நிறைந்தது. 1937வரை ஏடன் இந்திய அரசாங்கத்தின் ஆட்சியோடு இணைந்திருந்தது. 1967 சூனில் கால்வாய் அடைபட்டது. அவ்வாண்டு நவம்பர் 30இல் ஆங்கிலேயரும் நீங்கினர். 1975வரை கால்வாய் திறவாமையால் துறை வெறிச்சோடியது.

இங்ஙனம் ஏடன் மும்முறை உயர்ந்து மும்முறை தாழ்ந்தது. துறை இயற்கை தந்த கொடை. கப்பல் செல்லும் வழியோ பிறர் வகுப்பது. இவ்விரண்டும் நகரத்தாருடைய ஆணைக்கு அடங்குவன அல்ல. பெய்த சிறு மழையை வீணாக்காது காத்தல் ஒன்றே அவர் கையில் இருந்தது. மன்னரும் தளபதியரும் மாறிமாறிக் கைப்பற்றிய கோட்டைகளினும், பெயரறியாக் கற்றச்சர் பாறையிற் குடைந்த குளங்களே அந்நகரின் மெய்யான வரலாற்றை நமக்கு உணர்த்துகின்றன என்பது எமது துணிபு.