பாறுகளின் வீழ்ச்சியும் தெருநாய்ப் பெருக்கமும்

இந்தியக் கிராமங்கள் பலவற்றில் இறந்த மாட்டைப் புதைக்கும் வழக்கம் இருந்ததில்லை. ஊருக்கு வெளியே அதற்கென ஒதுக்கிய திடலில் உடலைக் கொண்டுபோய் இடுவர். தோல் உரித்தபின் எஞ்சியதைப் பாறுகள் தின்று தீர்க்கும். பிணந்தின்னிக் கழுகு என்று மக்கள் அருவருப்போடு குறிப்பிடும் இப்பறவைகள் கூட்டமாக இறங்கினால் ஒரு மணி நேரத்திற்குள் எலும்புக்கூடு மட்டுமே மிஞ்சும். எந்த ஊராட்சியின் செலவுக் கணக்கிலும் இடம்பெறாத துப்புரவுப் பணி இது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் உள்ள நாட்டில் இப்பணியின் அளவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பாறின் இரைப்பை அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியிலுள்ள கிருமிகளுள் பெரும்பாலானவை அதில் மடிந்துவிடுகின்றன. நாயின் நிலை வேறு. அது மெதுவாக உண்கிறது. மீதியை நாட்கணக்கில் அழுகவிடுகிறது. உண்டபின் மனிதர் வாழும் தெருவுக்கே திரும்பி வருகிறது.

காரணம் என்ன?

ராஜஸ்தானத்தின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1990-களின் பிற்பகுதியில் பாறுகள் கழுத்துத் தொங்கிய நிலையில் அமர்ந்திருந்து மடிவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக ஆய்வாளர்கள் கண்டனர். நாடு தழுவிய கணக்கெடுப்புகளின்படி, 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே எஞ்சியது. தொற்றுநோயே காரணம் என முதலில் ஐயுற்றனர். பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004-இல் உண்மையை வெளிப்படுத்தியது. வலிக்கும் வீக்கத்திற்கும் கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மலிவான மருந்தே நஞ்சாக அமைந்திருந்தது. ஊசி போட்ட சில நாட்களில் இறந்த மாட்டைத் தின்ற பாறின் சிறுநீரகம் பழுதாகிறது. உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்பொடியாகப் படிகிறது.

மருந்து கலந்த உடல்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இருந்தாலே இப்பேரழிவுக்குப் போதும் எனக் கணித்துள்ளனர். ஓர் உடலைப் பல பாறுகள் சூழ்ந்து உண்பதே இதற்குக் காரணம். பலருடன் பகிர்ந்துண்ணும் பழக்கமே அவற்றுக்குக் கேடாயிற்று எனலாம்.

நாய்களும் கடியும்

திடல்களில் இரை குறையவில்லை, உண்போர்தாம் மாறினர். 1992 முதல் 2006 வரை பாறுகள் குறைந்ததன் விளைவாக நாய்கள் 55 லட்சம் மிகுந்தன என்றும், அதனால் 3 கோடியே 85 லட்சம் கடிகளும் 47,300 மனித உயிரிழப்புகளும் கூடுதலாக நேர்ந்தன என்றும் 2008-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவை எண்ணிப் பார்த்த தொகைகளல்ல, கணிப்புகளே. எனினும் 2024-இல் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வும் இதே திசையையே காட்டுகிறது. பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களில் அவை மறைந்தபின் மக்களின் இறப்பு விகிதம் 4 சதவீதத்திற்கு மேல் உயர்ந்ததாக அது கூறுகிறது. நாய்க்கடி மட்டுமன்றி, அழுகிய உடல்களால் நீர்நிலைகள் மாசுற்றதும் இதற்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் அதற்கு முன் தடுப்பது எளிது, வருந்தத்தக்கது இதுவே. கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுதல் வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு முதலியவற்றைப் பூசுதல் தீங்கானது. தோலுக்குள் போடும் தடுப்பூசியை முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் பெறவேண்டும். ஆழ்ந்த காயமாயின் காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத மருந்தும் செலுத்தப்படும். வயிற்றில் பதினான்கு ஊசிகள் போடும் முறை கைவிடப்பட்டு ஆண்டுகள் பலவாயினும், அதன் அச்சம் சிற்றூர்களில் இன்னும் சிலரை மருத்துவமனைக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது.

நாய்களைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் விதிகள் 2001-இல் வந்தன, 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பர். ஆயினும் இறைச்சிக் கழிவும் மாட்டுடல்களும் திறந்தவெளியில் கிடக்கும்வரை, பிறக்கும் குட்டிகளுக்கு இரைக்குக் குறைவிராது. உள்ளாட்சிகள் நாய்பிடி வண்டிக்கு ஒதுக்கும் தொகையோடு குப்பை அகற்றலையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவது 2006-இல் தடுக்கப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்தமையால் 2015-இல் அவற்றின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் என்னும் மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாம் பாறுகளுக்கு ஊறு செய்யாதது எனச் சோதனைகளில் தெளிவாகியுள்ளது. மாடு வைத்திருப்போர் மருத்துவரிடம் அதனைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். வேறு வலிமருந்து போட்ட மாடு சில நாட்களில் இறந்துவிட்டால் திடலில் இடாது ஆழக் குழிதோண்டிப் புதைப்பதே தக்கது. அரியானாவின் பிஞ்ஜோரில் பாறுகள் கூண்டில் இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. ஒரு பாறு பருவமடைய ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் ஓர் இணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுகிறது.