சிறு தொட்டியிற் சண்டை மீன்

நீரிலே பிறந்து நீரிலே வளரும் மீன், நீரில் மூழ்கி மூச்சடைத்து இறத்தல் கூடுமோ எனின், கூடும். நம் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் பனையேறியை ஒரு கூட்டில் அடைத்து, நீர்மட்டத்துக்கு மேலே வரவொட்டாது அமிழ்த்தி வைத்தால், சுற்றிலும் நீர் நிறைந்திருக்கவும் அஃது இறந்துபடும். விராலும் அத்தகையதே. இவை பூக்களால் மட்டும் சுவாசிப்பன அல்ல. இடையிடையே மேலே வந்து காற்றை வாயால் விழுங்கிச் செல்வன. ஆவணி மாதத்திலே குளம் வற்றி, கலங்கிய சேற்றுக் குட்டைகளே எஞ்சும்போது, பிற மீன்கள் செத்து மிதக்க இவ்விரண்டும் உயிரோடு கிடப்பதை வன்னியிற் பிறந்த எவரும் கண்டிருப்பர்.

பனையேறியின் உறவினமொன்றைப் பற்றியதே இக்கட்டுரை. வவுனியா, கிளிநொச்சி முதலிய நகரங்களிலே அலங்கார மீன் விற்குங் கடைகளில், சிறு பிளாஸ்ரிக் கிண்ணங்களுள் ஒவ்வொன்றாக அடைபட்டு, நீலமும் செம்மையுமாய்ச் செட்டை விரித்து நிற்கும் மீனை மாணவர் பலர் விரும்பி வாங்குகின்றனர். பைற்றர் என்பது கடைவழக்கு. சண்டை மீன் என நாம் வழங்குவோம். வாங்கிய மீன் இரண்டு மூன்று வாரங்களில் இறந்துவிட, ‘அதன் ஆயுள் அவ்வளவே’ என்று கூறிப் போத்தலைக் கழுவி வைத்துவிடுகின்றனர். உண்மையில் அம்மீன் இரண்டு முதல் நான்கு ஆண்டு வரை வாழவல்லது. அஃது ஏன் இரண்டு வாரத்தில் இறக்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

பனையேறி, சண்டை மீன் முதலியவற்றின் தலையினுள்ளே, பூக்களுக்கு மேலாக, ஓர் அறை உண்டு. அதனுள் எலும்புத் தகடுகள் மடிப்பு மடிப்பாக அமைந்து, குருதி நிறைந்த மெல்லிய தோலால் மூடப்பட்டிருக்கும். வழிதெரியாத மண்டபம் போன்ற இவ்வமைப்பினை விலங்கியலார் சிக்கலறை உறுப்பு என்பர். விழுங்கிய காற்றிலுள்ள ஒட்சிசன் அங்கேயே குருதியிற் கலக்கின்றது. விராலுக்கும் இதனை ஒத்த எளிய அறையொன்று உண்டு. எனினும் அது வேறு குடும்பத்தது. தமிழகத்துத் தரங்கம்பாடியிலே டேனிய வணிகக் கம்பனியிற் பணிபுரிந்த தால்டோர்வ் என்பார், 1791 ஆம் ஆண்டில் ஒரு பனையின் அடிமரத்தில் இம்மீன் ஏறிச் செல்லக் கண்டதாக எழுதிய குறிப்பு 1797 இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அம்மீன் தரையில் ஊர்ந்து குளம் மாறுவது உண்மை. பனையில் ஏறுமோ என்பது பற்றி அறிஞர் பலர் இன்றும் ஐயுறுகின்றனர். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இலங்கைக்கே உரியதாய், ஈரவலய ஓடைகளில் வாழும் பெலொன்ரியா சிக்னாற்றா என்னுஞ் சீப்புவால் மீனும் இவ்வினத்ததே.

சண்டை மீனின் தாயகம் சீயம், அதாவது இன்றைய தாய்லாந்து. அந்நாட்டு மன்னர் மூன்றாம் இராமர் 1840 ஆம் ஆண்டளவில் கான்ரர் என்னும் மருத்துவருக்கு இம்மீன்களிற் சிலவற்றை அளித்தார். அதற்குப் பெற்றா ஸ்பிளெண்டென்ஸ் என்ற விஞ்ஞானப் பெயரை 1910 இல் இட்டவர் பிரித்தானிய அறிஞர் றீகன். ஆண் மீன்களைப் பொருதவிட்டுப் பந்தயங் கட்டுதல் அங்கு நெடுங்கால வழக்கம். 2019 இல் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகவும் அறிவித்தது. காட்டிலுள்ள மீன் மங்கிய நிறமும் குறுகிய செட்டையும் உடையது. கடையில் நாம் காணும் பட்டுத்துகில் போன்ற செட்டையெல்லாம் மனிதர் தேர்ந்து தேர்ந்து இனம்பெருக்கியதால் வந்தவை.

‘இம்மீன் தாயகத்திலே வயற் சேற்றிலும் எருமைக் குளம்படிக் குழியிலும் வாழ்வது, ஆகவே ஒரு லீற்றர் போத்தலே அதற்குப் போதும்’ என்று விற்பவரும் வாங்குபவரும் சொல்வர். காற்றைச் சுவாசிப்பதால் நீர் எவ்வாறிருப்பினும் கேடில்லை என்பது இதன் உட்கிடை. இவ்வாதத்திலே இரண்டு பிழைகள் உள.

முதலாவது, ஆழமின்மையையுஞ் சிறுமையையும் ஒன்றெனக் கொண்டமை. நம் பெரும்போக வயலை எண்ணிப் பாருங்கள். நீர் ஒரு சாண் ஆழமே. ஆயின் ஓர் ஏக்கர் வயலில் அந்த ஒரு சாண் நீர் பல இலட்சம் லீற்றராகும். அடியிலே சேறு, சேற்றிலே கோடானுகோடி பற்றீரியா, நடுவிலே நெற்பயிரும் பாசியும், வாய்க்கால் வழியே வந்து கலக்கும் புதுநீர். ஒரு மீனின் கழிவு அங்கே எம்மூலைக்கு? போத்தலிலோ அக்கழிவு போவதற்கு வேறிடம் இல்லை. குளம்படிக் குழியிற் கண்ட மீனும் வறட்சியினால் அங்கே ஒதுங்கி, மழைக்குக் காத்திருந்த மீனேயன்றி அதனை வீடாகக் கொண்டதன்று.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. சண்டை மீன் ஒட்சிசனைக் காற்றிலிருந்து பெறுகின்றது, உண்மையே. ஆயின் தன் உடற்கழிவாகிய அமோனியாவைப் பூக்களின் வழியாக நீரிலேயே விடுகின்றது. எஞ்சிய உணவும் மலமும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. அமோனியா மிகுந்த நீரில் முதலிற் புண்படுவன பூக்களே. ஏனைய மீன்கள் அந்நிலையில் விரைந்து இறந்து, நீர் கெட்டதென்று நமக்கு அறிவித்துவிடும். சண்டை மீனோ காற்றின் துணையால் உயிர்பிடித்துக் கிடக்கும். இறவாதிருத்தலை நலமாயிருத்தல் என்று நாம் மயங்குகின்றோம். அதன் வலிமையே அதற்குப் பகையாய் முடிந்தது.

இவ்விடத்தில் வன்னி நாட்டு நீரின் இயல்பைக் கூறுதல் வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்திற் சுண்ணக்கற் படை உண்டு. வவுனியாப் பகுதி பழம்பாறை நிலமாயினும் அங்கும் கிணற்று நீர் பல இடங்களிற் கடினமானது. கேத்திலின் உட்புறத்தே படியும் வெண்காறையே இதற்குச் சான்று. கடினநீர் பெரும்பாலும் காரத்தன்மை சார்ந்தது. சண்டை மீன் அதற்குப் பழகிக்கொள்ளும், அதில் அச்சமில்லை. அச்சம் அமோனியாவைப் பற்றியது. நீரிலே அமோனியா இரண்டு வடிவிலுள்ளது: ஒன்று நச்சாகிய அமோனியா, மற்றது பெருந்தீங்கற்ற அமோனியம். 28 பாகை வெப்பமுள்ள நீரில், பீ.எச். பெறுமானம் 7 ஆயின், மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்கினுங் குறைவே நச்சு வடிவிலிருக்கும். அப்பெறுமானம் 8 ஆயின் அது நூற்றுக்கு ஆறு பங்கைத் தாண்டும். அஃதாவது, ஒரே அளவு கழிவு ஏறக்குறைய ஒன்பது மடங்கு நஞ்சாகும். குளிர்நாட்டார் எழுதிய நூலைப் பார்த்து, மென்னீருக்கு அவர் வகுத்த கணக்கில் நாம் நீர் மாற்றுவோமாயின், வெம்மையும் காரமும் மிக்க நம் நீரில் அது போதாது.

இதிலிருந்து இன்னொரு பொறி பிறக்கின்றது. மாரியிலே மழைநீரைப் பிடித்துப் போத்தலில் நிரப்பி மீன் வளர்ப்பவர் உண்டு. மழைநீர் மென்னீர், நாட்செல்லச் செல்லக் கழிவினால் அது அமிலமாகும். அப்போது அமோனியா எவ்வளவு சேர்ந்தாலும் பெரும்பகுதி அமோனியமாகவே அடங்கிக் கிடக்கும். மீனும் ஒருவாறு இருக்கும். ஒருநாள் இரக்கங்கொண்டு, பாதியை ஊற்றிவிட்டுக் கிணற்று நீரை நிரப்புகின்றோம். பீ.எச். சடுதியாக உயர, அடங்கியிருந்தது நஞ்சாகி எழுகின்றது; மாலைக்குள் மீன் இறக்கின்றது. ‘நீர் மாற்றியதாற் செத்தது’ என்று கூறி, அடுத்த மீனுக்கு நீர் மாற்றாமலே விடுகின்றோம்! நெடுநாள் மாற்றாத நீரை மாற்றுவதாயின், நாளொன்றுக்குப் பத்திலொரு பங்காகப் பல நாளில் மாற்றுக.

இனித் தொட்டி. 45 சென்ரிமீற்றர் நீளமும் 25 அகலமும் 25 உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி 28 லீற்றர் கொள்ளும். விளிம்பிற் சிறிது வெற்றிடம் விட்டால் 24 லீற்றர் நீர் நிற்கும். ஒரு மீனுக்கு அது செம்மையானது. வசதியில்லையெனின் 10 லீற்றருக்குக் குறைய வேண்டா. அடியில் கழுவிய மணலும், குளத்து வேலம்பாசியும் இடுக. ஆகாயத்தாமரையைக் கொண்டுவருதல் கூடாது. 1909 ஆம் ஆண்டிலேயே அதற்கெதிராகச் சட்டம் இயற்றப்பட்ட களை அது. காற்றுப் பம்பியில் இணைத்த பஞ்சு வடியொன்று போதும். பெருநீரோட்டத்தில் நெடுஞ்செட்டை மீன் நீந்தி நீந்திக் களைத்துவிடும். குழாய் நீரெனின், அதிலுள்ள குளோரீன் நீங்குமாறு வாயகன்ற வாளியில் ஒருநாள் வைத்துப் பின் வார்க்க வேண்டும்.

அப்பஞ்சு அழுக்கைப் பிடிப்பதற்கு மட்டும் உரியதன்று. மேட்டுநிலத் தோட்டத்துக்கு இட்ட யூரியா முதலில் அமோனியாவாகி, பின் நைத்திரைற்றும் அதன்பின் நைத்திரேற்றுமாக மாறுவது பற்றீரியாக்களினால் என்பதை மாணவர் படித்திருப்பர். உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890 ஆம் ஆண்டளவிற் பிரித்தெடுத்துக் காட்டிய அக்கூட்டத்தவற்றின் வேலையே தொட்டியிலும் நடைபெறுகின்றது. பஞ்சிலும் மணலிலும் அவை போதியளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அக்காலத்தில் உணவைக் குறைத்து, இரண்டு நாளுக்கொருமுறை மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுதல் இன்றியமையாதது. புது மீன்கள் பல இறப்பது இவ்விடைவெளியிலேதான். தொட்டி பழகியபின் கிழமைக்கொருமுறை நாலிலொரு பங்கு போதும். பஞ்சை ஊறிய நீரிலேயே பிழிய வேண்டும். குழாயின்கீழ்ப் பிடித்துக் கழுவினால், வளர்த்த பற்றீரியாவைக் குளோரீன் கொன்றுவிடும். மற்றொன்று: தொட்டி முழுவதையும் மாதந்தோறும் வெளியே கொட்டிச் சவர்க்காரமிட்டுத் தேய்க்கும் தூய்மைவெறி, அழுக்கினும் பொல்லாதது.

வெப்பம் 25 முதல் 30 பாகை வரை நன்று. நம் நாட்டில் அதற்குக் கருவி வேண்டியதில்லை. மார்கழி, தை மாத வாடையில் மட்டும் தொட்டியைச் சாளரத்தினின்றும் அகற்றுக. தகரக் கூரையின்கீழ் வெயில் படும் இடமும் ஆகாது. மூடி அவசியம், மீன் பாய்ந்து வெளியே விழுவதைத் தடுப்பதோடு, அது விழுங்குங் காற்று ஈரமும் வெதுவெதுப்பும் உடையதாயிருக்கவும் அஃது உதவும்.

சண்டை மீன் ஊனுண்ணி. அதன் வயிறு ஏறத்தாழ அதன் கண்ணளவினதே என்பர். நாளிருமுறை இரண்டு மூன்று குருணை போதும். நுளம்புப் புழு அதற்கு அமுதம். கிணறுகளிற் கப்பி மீனை விட்டுப் புழுக்களைத் தின்னச் செய்தமையும் மலேரியா ஒழிப்பு முயற்சியின் ஒரு கூறாயிருந்ததை மூத்த பழைய மாணவர் அறிவர். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் மீனுக்கென்று முற்றத்தில் நீர் தேக்கிப் புழு வளர்ப்பது டெங்குக்கு அழைப்பு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும்.

வகுப்பறையில் மீன் வளர்க்கும் ஆசிரியர் விடுமுறையை எண்ணி அஞ்ச வேண்டா. நலமுள்ள வளர்ந்த மீன் ஒரு கிழமை உணவின்றி இருக்கும். அஞ்சத்தக்கது, விடுமுறைக்கு முதல்நாள் மாணவர் அன்பினாற் கொட்டிச் செல்லும் ஒரு பிடி உணவு! நெடிய விடுமுறையாயின் அயலிலுள்ள ஒருவரிடம், நாளுக்குரிய குருணைகளை எண்ணித் தனித்தனிச் சுருளாக மடித்துக் கொடுத்தல் நன்று.

மீனின் நலத்தை அறிய ஓர் எளிய பயிற்சி உண்டு. நாடோறும் ஒரே நேரத்திற் பத்து நிமிடம் அமர்ந்து, மீன் எத்தனை முறை மேலே வந்து காற்றை விழுங்குகின்றது என எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டு கிழமையில் அம்மீனின் வழமை தெரிந்துவிடும். பின்னர் ஒருநாள் அவ்வெண் வெகுவாக உயர்ந்தால், அதனை விளையாட்டென்று எண்ணற்க: பூக்கள் தம் தொழிலிற் குறைபடுகின்றன, அல்லது நீர் வெம்மையேறிவிட்டது. வேறெந்த அடையாளமுந் தோன்றுமுன் இவ்வெண் பேசும். நீர்ச் சோதனைப் பெட்டி வாங்க இயலாத பாடசாலைக்கு இதனினும் மலிவான கருவி இல்லை. அன்றே மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக.

நோய்களுட் பெரும்பாலன கெட்ட நீரின் பிள்ளைகளே. செட்டை ஓரம் கருகிக் கிழிவது பெரும்பாலும் நீரை ஒழுங்காக மாற்றினாலே ஆறும். உடலில் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி தோன்றினால், வெப்பத்தை மெல்ல 30 பாகைக்கு உயர்த்தி, லீற்றருக்கு 2 கிராம் உப்பினைக் கரைத்து வார்த்துப் பத்து நாள் வைக்கலாம். வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப்பழம் போல் நிமிர்ந்து நின்றால் மீளுதல் அரிது.

ஆண் இரண்டை ஒருங்கே விடலாகாதென்பதை யாவரும் அறிவர். பெண்ணையும் இனப்பெருக்கத்துக்கன்றிச் சேர்த்து வைத்தல் தகாது. இம்மீனுக்குத் தனிமை துன்பமன்று. ஆண் மீன் நீர்மேல் நுரைக்கூடு கட்டி, முட்டைகளை வாயால் எடுத்து அதில் ஒட்டி, விழுவனவற்றை மீண்டும் மீண்டும் ஏந்தி வைத்துக் காக்கும் காட்சி காணத்தக்கது. முட்டை ஓரிரு நாளிற் பொரிக்கும். குஞ்சுக்குச் சிக்கலறை உறுப்பு பிறந்த உடனே இல்லை. சில கிழமைகளின் பின்னரே அமையும். அதுவரை அதுவும் ஏனைய மீனைப் போலப் பூக்களையே நம்பி வாழ்வது.

வளர்க்க இயலாது போயின் குளத்தில் விட்டுவிடலாமென எண்ண வேண்டா. தொட்டிமீனாக வந்த கத்திமீனும் தொட்டி துடைக்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் இலங்கை நீர்நிலைகள் சிலவற்றிற் புகுந்து பரவி, மீனவருக்குத் தொல்லையாய்விட்டன. பொன்னிறச் செட்டை மீன் இரணைமடுவிற் கொக்குக்கு இரையாவது உறுதி. அதனோடு சென்ற நோய்க்கிருமி எங்கே நிற்கும் என்பது உறுதியன்று. வேண்டாத மீனை வேறொரு மாணவருக்கோ விற்ற கடைக்காரருக்கோ கொடுத்துவிடுக. கிழமைதோறும் கழிக்கும் நீரையும் வாய்க்காலில் ஊற்றாது வாழையடியில் ஊற்றுக. உப்பு இடாத நாள்களில் அதிலுள்ள நைத்திரேற்று வாழைக்கு நல்ல பசளை.