இறால் குஞ்சுக்கு ஒரு கூரியர்!

மரக்காணம் பக்கம் இ.சி.ஆரில் இறால் குஞ்சு பொரிப்பகங்களைப் பார்த்திருப்பீங்க. அங்கே விப்ரியோ பாக்டீரியா பெருகினால் தொட்டியே காலி! ஆன்டிபயாட்டிக் ஊற்றினால்? அதற்கும் சாகாத கிருமிகள் மிஞ்சும்.

மாற்று வழி, பேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாவைக் குஞ்சின் குடலுக்கே அனுப்புவது. தண்ணீரில் கலந்தால் பெரும்பகுதி வீண். அதனால் குஞ்சு உயிரோடு தின்னும் ஆர்ட்டீமியாவுக்குள் ஏற்றுகிறார்கள்.

இங்கே டைமிங் முக்கியம். பொரிந்தவுடன் ஆர்ட்டீமியாவுக்கு வாய் திறந்திருக்காது, மஞ்சள்கருவில்தான் வாழும். சுமார் 8 மணி நேரத்தில் தோலுரித்த பிறகே, 50 மைக்ரானுக்குக் குறைவான எதையும் வடிகட்டி விழுங்கும். விப்ரியோவையும்தான்!

ஆகவே பொரிந்ததும் நல்ல நீரில் கழுவணும். தோலுரித்தபின் புரோபயாடிக் கலந்த நீரில் சில மணி நேரம் விட்டு, உடனே குஞ்சுக்குக் கொடுக்கணும். வாய் திறக்குமுன் கொடுத்தால்? காசு தண்ணியிலதான்!