பறந்ததைக் கண்டவர்கள்

நுழையும்முன்

தலைக்குமேல் பெரிய வானூர்தி செல்லும்போது இன்று யாரும் நின்று நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால், ஒரு முழ நீளமுள்ள மாதிரி வானூர்தி திடலில் எழும்பினால் வழியே செல்பவரும் நின்றுவிடுகிறார். பறக்கவிடுபவரைப் பற்றிப் பாடங்கள் பல உண்டு. இப்பாடம் பார்க்க வந்தவர்களைப் பற்றியது.

திடலின் நடுவே ஓர் இளைஞர் நிற்கிறார். அவர் கையில் ஒரு பிடி இருக்கிறது. பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புறப்பட்டு, ஏறத்தாழ 15 மீட்டர் தொலைவில் புல்மேல் இருக்கும் மாதிரி வானூர்தியின் இறக்கையில் சென்று முடிகின்றன. உதவியாளர் முன்புறச் சுழல்விசிறியை விரலால் தட்டிச் சுழற்றுகிறார். சிறிய இயந்திரம் இருமிவிட்டு அடங்குகிறது. கூட்டத்தில் சிரிப்பு எழுகிறது. மீண்டும் தட்டுகிறார். இம்முறை அது பெருவண்டு போல் இரைகிறது. முன்வரிசைச் சிறுவர் காதைப் பொத்திக்கொள்கின்றனர். சிரித்த கூட்டம் இப்போது வாய்மூடி நிற்கிறது.

ஊர்தி எழும்பி, கம்பியின் நீளத்தை அளவாகக்கொண்டு வட்டமிடத் தொடங்குகிறது. இளைஞர் மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்கிறார். அவ்வசைவு கம்பி வழியே சென்று வாற்பகுதியைத் திருப்ப, ஊர்தி ஏறுகிறது, தாழ்கிறது, குட்டிக்கரணம் போடுகிறது. அது தலைகீழாகப் பறக்கும்போது கூட்டம் மூச்சை உள்ளிழுக்கும் ஒலி தெளிவாகக் கேட்கும். பார்க்க வந்த சிறுவர் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. நடுவில் சுழன்றுகொண்டே இருப்பவருக்குத் தலை சுற்றாதா? புதிதாகப் பழகுபவருக்குச் சுற்றும். பழகியவர் ஊர்தியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அவர் பார்வையில் ஊர்தி ஓரிடத்தில் நிற்கிறது. உலகமே அதற்குப் பின்னால் ஓடுகிறது.

தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இக்காட்சி புதியதன்று. மாதிரி வானூர்தி அமைப்பதும் பறக்கவிடுவதும் அவர்கள் பயிற்சியின் ஒரு பகுதி. அவர்களுடைய அனைத்திந்திய முகாம்களில் இதற்கெனப் போட்டியும் நடைபெறுகிறது. அங்கே ஊர்தி தரையில் மோதி நொறுங்கும் நேரமும் வரும். முதலில் கூட்டம் ‘ஓ’வென்று கூவும், சிலர் நகைப்பர். பல வாரங்கள் இரவும் பகலும் செதுக்கி ஒட்டிய மாணவர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கியதும் அந்நகைப்பு தானாகவே நின்றுவிடும்.

இத்தகைய கூட்டத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், பாரிசு நகரத்துத் துய்லெரித் தோட்டத்தில், வான்பயணக் கழகத்தைச் சேர்ந்தோர் சிலர் கூடியிருந்தனர். அல்போன்சு பெனோ என்னும் 21 வயது இளைஞர் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமும் 16 கிராம் எடையும் உடைய ஒரு மாதிரியை எடுத்து வந்தார். முறுக்கிய இரப்பர் இழையே அதன் ஆற்றல். முறுக்கு அவிழ அவிழ விசிறி சுழன்றது. மாதிரி 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. பின்புறம் பொருத்திய சிறுவால்தான் அதைத் தடுமாறாமல் காத்தது. மனிதர் எவரும் இயந்திர இறக்கையால் பறந்திராத காலம் அது. அன்று அங்கே நின்றவர்கள் கண்டது விளையாட்டுப் பொருளா, வருங்காலமா என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

பெனோவின் இரப்பர் முறுக்கு கடல் கடந்தது. 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை, தக்கை, மூங்கில், காகிதம், இரப்பர் இழை ஆகியவற்றால் ஆகிய பறக்கும் பொம்மை ஒன்றைத் தம் இரு மகன்களுக்கு வாங்கி வந்தார். பொம்மை கூரையை நோக்கி எழும்பியது. மூத்தவனுக்கு 11 வயது, இளையவனுக்கு 7. பொம்மை உடைந்தபின் அவர்கள் அதைப் போலத் தாமே செய்து பார்த்தனர். பெரிதாகச் செய்யச் செய்ய அது நன்றாகப் பறக்காமல் போனது அவர்களுக்குப் புதிராக இருந்தது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்பன அப்பிள்ளைகளின் பெயர்கள்.

பார்ப்பவருக்கு மற்றொரு கடமையும் உண்டு. அது சான்று பகர்தல். 1896ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றின்மேல், அறிஞர் சாமுவேல் லாங்லி ஆளில்லாத நீராவி மாதிரி ஒன்றை ஒரு படகின் கூரையிலிருந்து ஏவினார். அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு பறந்து நீரில் மெல்ல இறங்கியது. அதைக் கண்டவர்களுள் தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் ஒருவர். அவர் கையில் ஒளிப்படக் கருவி இருந்தது. தாம் கண்டதைப் படமாகவும் எழுத்தாகவும் அவர் உலகிற்கு அளித்தார். அவர் அன்று அங்கே இல்லையெனில், ஐயுற்றவர்கள் லாங்லியின் சொல்லை மட்டும் கேட்டு நம்பியிருப்பார்களா?

இனி, போட்டிக்கு வருவோம். இங்கிலாந்தில் ஆலியட் வெர்டன் ரோ என்றொரு கப்பற்பொறியாளர் இருந்தார். கப்பலின் பின்னே இறக்கையை அசைக்காமல் மிதந்துவரும் ஆல்பட்ராஸ் பறவைகளைக் கண்டு வியந்தவர் அவர். கப்பலில் இருந்தபடியே மாதிரிகள் செய்து காற்றில் வீசிப் பார்த்தார். பணியை விட்டுக் கரைக்கு வந்தபின்னும் அந்த எண்ணம் அவரை விடவில்லை. 1906இல் மனிதப் பறத்தலைப் பற்றி இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். இதழ் அதை வெளியிட்டது. ஆனால், இத்தகைய முயற்சிகள் உயிருக்கு ஆபத்தானவை, பொறியியல் நோக்கிலும் தோல்வியில்தான் முடியும் என்ற குறிப்பையும் சேர்த்தே வெளியிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் ‘டெய்லி மெயில்’ நாளிதழ், இலண்டனிலிருந்து மான்செஸ்டருக்கு வானூர்தியில் பறப்பவருக்கு 10,000 பவுண்டு பரிசு என அறிவித்தது. நகைச்சுவை இதழான ‘பஞ்ச்’ உடனே, செவ்வாய்க் கோளுக்குப் பறப்பவருக்குத் தானும் 10,000 பவுண்டு தருவதாக எள்ளி நகையாடியது. மக்கள் மனநிலை அவ்வாறு இருந்தது. அந்நிலையில்தான் ‘டெய்லி மெயில்’ மாதிரி வானூர்திகளுக்கும் ஒரு போட்டியை அறிவித்தது.

1907 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகள் இலண்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. காட்சியில் எல்லாமே அழகுதான். மேசைமேல் இருக்கும் வானூர்தி தோற்பதில்லை! பறத்தல் தேர்வு வடஇலண்டனில் குன்றின்மேல் அமைந்த அலெக்சாண்டிரா மாளிகையில் நடைபெற்றது. அங்கே மண்டபத்தின் அழகு எதற்கும் உதவவில்லை. பறக்க மறுத்தவையே மிகப் பல. ரோவின் மாதிரி இரண்டு அடுக்கு இறக்கை கொண்டது. இரப்பர் முறுக்கால் இயங்கியது. அது 100 அடிக்கு மேல் பறந்தது.

முதற்பரிசு 150 பவுண்டு என்று அறிவித்திருந்தனர். ஆயினும், முழுப் பரிசுக்குத் தகுந்த பறத்தல் எதுவும் நிகழவில்லை என்று நடுவர் கருதினர். வென்ற ரோவுக்கு அவர்கள் தந்தது 75 பவுண்டு. நடுவரும் பார்வையாளர்தாம், கையில் அளவுகோல் வைத்திருக்கும் பார்வையாளர். மற்றவர்கள் ‘பறந்துவிட்டதே’ என்று மகிழும் இடத்தில் அவர்கள் ‘இன்னும் பறந்திருக்கலாமே’ என்று நினைக்கின்றனர். அறிவித்த பரிசைப் பாதியாக்கியது முறைதானா என்பதை மாணவர் தம்முள் வாதிட்டுப் பார்க்கலாம். வென்றவர்க்கு அது கசந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ரோ அப்பணத்தைக்கொண்டு, அதே மாதிரியைப் பின்பற்றி, ஆள் ஏறும் அளவில் ஒரு வானூர்தி செய்யத் தொடங்கினார். 1908 சூன் 8ஆம் நாள் புரூக்லண்ட்ஸ் பந்தயச் சாலையில் அது தரையைவிட்டுச் சிறிது எழும்பியது என்று அவர் கூறினார். ஆனால், கண்டவர் மிகச் சிலர். பெல்லைப் போலப் படம் எடுத்தவர் எவருமில்லை. 1920களின் இறுதியில் இதை ஆராய்ந்த குழு, பிரித்தானியாவில் பிரித்தானியர் ஒருவர் நிகழ்த்திய முதற்பறத்தல் என்ற சிறப்பை வேறொருவருக்கே அளித்தது. 1903இல் ரைட் உடன்பிறப்புகள் பறந்த நாளிலோ கடற்கரையில் ஐவர் நின்றனர்; உயிர்மீட்புப் பணியாளர் ஒருவர் படக்கருவியின் விசையையும் அழுத்தினார். பார்வையாளர் ஐவர் போதும், ஒரு வரலாறு நிலைக்க.

ரோ சோர்ந்துவிடவில்லை. 1909 சூலையில், 9 குதிரைத்திறன் இயந்திரமும் தாள் போர்த்திய மூவடுக்கு இறக்கையும் கொண்ட ஊர்தியில் இலண்டனின் வால்தம்ஸ்டோ சதுப்பு வெளியில் பறந்தார். இம்முறை ஐயத்திற்கு இடமில்லை. அவ்வூர்தி இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அடுத்த ஆண்டு, தம் பெயரைச் சுருக்கி ‘ஆவ்ரோ’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

ஆவ்ரோ! விமானப்படைக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்பெயரைக் கேட்டிருப்பர். கான்பூரில் உள்ள தொழிற்சாலையில், ஆவ்ரோ நிறுவனம் வடிவமைத்த 748 வகை வானூர்தி இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. கான்பூரில் உருவான முதல் ஊர்தி 1961இல் பறந்தது. இந்திய விமானப்படையினர் அதை இன்றும் ‘ஆவ்ரோ’ என்றே அழைக்கின்றனர். பணி காரணமாகக் கான்பூருக்கும் ஆக்ராவுக்கும் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மாடியில் நின்று கையசைத்த ஊர்தியின் பெயரில், அலெக்சாண்டிரா மாளிகையில் பாதிப் பரிசு பெற்ற மனிதரின் பெயர் ஒளிந்திருக்கிறது.

மாதிரி வானூர்திப் போட்டிகளுள் பார்வையாளரை மிகுதியும் ஏமாற்றுவது, கம்பியும் இயந்திரமும் இல்லாத மிதப்பூர்திப் போட்டி. பட்டத்தைப் போல 50 மீட்டர் நூலால் இழுத்து உயரே ஏற்றி, நூலை விடுவிப்பர். அதன்பின் அதைத் தொடவோ திருப்பவோ இயலாது. எத்தனை நேரம் வானில் நிற்கிறது என்பதே கணக்கு. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து வெப்பக்காற்று எழும்பும் இடம் கிடைத்தால், பருந்து வட்டமிடுவது போல அது ஏறிக்கொண்டே போகும். கூட்டம் கைதட்டும். ஊர்திக்கு உரியவரோ வெளிறிய முகத்துடன் வயல்வெளியில் ஓடிக்கொண்டிருப்பார்! காற்று தூக்கிச் சென்றால் ஊர்தி திரும்பி வாராது.

ஆகையால், குறித்த நேரம் கடந்ததும் வாற்பகுதி தானே மேல்நோக்கி நிமிரும்படி ஒரு பொறியை அமைத்திருப்பர். வால் நிமிர்ந்ததும் ஊர்தி மிதக்கும் ஆற்றலை இழந்து, படுத்த வாக்கில் மெல்லத் தரைக்கு இறங்கும். விவரம் அறியாதவர், ‘ஐயோ, வால் ஒடிந்துவிட்டதே!’ என்று பதறுவர். விவரம் அறிந்தவர் அப்போதுதான் கைதட்டுவர். ஒரே காட்சிக்கு ஒரே திடலில் இருவகை ஒலி எழுவதை வேறு விளையாட்டுகளில் காண்பது அரிது.

ஓட்டுநர் இல்லாமல் செல்லும் வானூர்தி என்ற எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. புறநானூற்றில், வலவன் செலுத்தாமலே செல்லும் விண்ணூர்தி ஒன்று குறிப்பிடப்படுகிறது. அது நல்வினை செய்தோர் ஏறிச்செல்வதாகப் புலவர் கற்பனையில் கண்டது. இறக்கையும் விசிறியும் கொண்ட பொறியன்று. ஆயினும், திடலில் பருந்தோடு பருந்தாகச் சுற்றும் ஆளற்ற மாதிரியைக் காணும் தமிழ்ப் பிள்ளைக்கு அச்சொல் நினைவுக்கு வருவது இயல்பே.

மாலையில் போட்டி முடியும். பெயர்கள் அறிவிக்கப்படும், கூட்டம் கலையும். ஆனால், கயிற்றுவேலிக்கு வெளியே சிறுவன் ஒருவனோ சிறுமி ஒருத்தியோ எப்போதும் எஞ்சி நிற்பதைக் காணலாம். உடைந்த இறக்கையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருப்பவரிடம் மெல்ல நெருங்கி, “அண்ணா, இதைத் தொட்டுப் பார்க்கலாமா?” என்று அப்பிள்ளை கேட்கும். அவர் ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்து அதன் உள்ளங்கையில் வைப்பார். மரமா இது என்று ஐயுறும் அளவுக்கு அது எடையற்று இருக்கும்.

சொல்லும் பொருளும்

சான்று பகர்தல் – கண்டதை உண்மையென எடுத்துரைத்தல்
எள்ளி நகையாடுதல் – இகழ்ந்து சிரித்தல்
வலவன் – ஊர்தியைச் செலுத்துபவன்
மிதப்பூர்தி – இயந்திரமின்றிக் காற்றில் மிதந்து செல்லும் வானூர்தி

கற்பவை கற்றபின்

1. கம்பியில் கட்டிய ஊர்தியைப் பறக்கவிடுபவருக்குத் தலை சுற்றாதிருப்பது எவ்வாறு?
2. ரோவுக்கு முழுப் பரிசு வழங்கப்படாததன் காரணம் யாது? நடுவர் முடிவு முறையானதா? இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக.
3. லாங்லியின் மாதிரி பறந்ததற்கும் 1908இல் ரோவின் ஊர்தி எழும்பியதற்கும் கிடைத்த சான்றுகளை ஒப்பிட்டு எழுதுக.
4. மிதப்பூர்தி உயரே ஏறும்போது கூட்டம் மகிழ, உரியவர் அஞ்சுவது ஏன்?
5. நீங்கள் வாழும் ஊரில் கண்ட ஒரு போட்டியையோ காட்சியையோ பார்க்க வந்தவர்களின் முகங்களையும் ஒலிகளையும் மட்டும் கொண்டு, பத்து வரிகளில் எழுதுக. வென்றவர் பெயரைக் குறிப்பிட வேண்டா.