பழைய பாரவண்டிக்கு மாற்று எஞ்சின் தெரிந்தெடுத்தல்

விளைபொருளைக் காலத்தில் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் விவசாயத்தின் ஒரு பகுதியே ஆகும். நீலகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்திற்குக் காரட்டும் முட்டைக்கோசும் கொண்டுவரும் குடியானவருக்கும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்பவருக்கும் சொந்தத்தில் ஒரு சிறிய பாரவண்டி இருப்பது பெரிய அனுகூலம். ஆனால் வண்டி பழையதாகி, எஞ்சின் பாதி வழியில் நின்றுவிடுமானால், ஒரே இரவில் ஒரு பாரம் காய்கறி முழுவதும் விலையிழந்து போகும். அப்பொழுது அவசரப்பட்டுக் கிடைத்த எஞ்சினை வாங்கி மாட்டுவதைவிட, முன்னதாகவே யோசித்துத் தக்கதைத் தெரிந்தெடுப்பது புத்திசாலித்தனம். அதற்கு உதவியாகச் சில விஷயங்கள் இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

1. எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா?

புகையின் நிறம் எஞ்சினின் நோயை ஓரளவு காட்டும். டீசல் எஞ்சினில் கரும்புகை வந்தால், காற்று போதவில்லை அல்லது எண்ணெய் மிகுதியாகப் பாய்கிறது என்று கொள்ளலாம். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வதாலும், நாசில்களைச் சரிபார்ப்பதாலும் இது பெரும்பாலும் தீரும். நீலப் புகை வருமாயின் மசகெண்ணெய் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங்குகளோ, வால்வுகளைச் சார்ந்த பாகங்களோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்து வந்தால், ஹெட் கேஸ்கட் பழுதாகி நீர் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மசகெண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தாலும் இதே சந்தேகம் கொள்ளலாம்.

இவற்றோடு, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மானி வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருப்பின் அதை மட்டும் கவனித்தால் போதுமா என்று ஆராயலாம். எல்லாம் ஒருசேரக் குறைந்து, மசகெண்ணெயின் அழுத்தமும் தாழ்ந்து, அடியில் தட்டும் சத்தமும் கேட்குமாயின், எஞ்சின் முழுவதும் தேய்ந்துவிட்டதென்று அறியலாம்.

2. உள்ள வழிகள்

முதல் வழி, உள்ள எஞ்சினையே கழற்றி, சிலிண்டரைக் கடைந்தோ லைனர் மாற்றியோ, புதிய பிஸ்டன், ரிங், பேரிங் இட்டுச் சீர்செய்வது. பிளாக்கும் கிராங்க் தண்டும் விரிசலின்றி இருந்தால் இதுவே பெரும்பாலோருக்கு ஏற்றது. எஞ்சின் நம்பரும் மாறாது. இரண்டாவது, அதே மாதிரியைச் சேர்ந்த, சீர்செய்யப்பட்ட வேறொரு எஞ்சினை வாங்குவது. மூன்றாவது, கழிக்கப்பட்ட வண்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வாங்குவது. இது மலிவு, ஆயினும் உள்ளே இருக்கும் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. நான்காவது, வேறு மாதிரி எஞ்சினைப் பொருத்துவது.

விலையை மட்டும் ஒப்பிடலாகாது. உதாரணமாக, 60,000 ரூபாய்ச் சீர்திருத்தம் 2 வருஷமும், 1,00,000 ரூபாய் எஞ்சின் 5 வருஷமும் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். முன்னதற்கு வருஷம் 30,000 ரூபாயும், பின்னதற்கு 20,000 ரூபாயும் ஆகிறது. வழியில் நின்றுபோன ஒரு பாரத்தின் நஷ்டத்தையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். வண்டியின் சட்டமே துருப்பிடித்திருந்தால் புது எஞ்சினுக்குச் செலவிடுவதில் பிரயோஜனமில்லை.

3. குதிரைச் சக்தியும் முறுக்கு விசையும்

குதிரைச் சக்தி அதிகமுள்ள எஞ்சினே சிறந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பாரம் இழுக்கும் வண்டிக்கு இது முற்றும் பொருந்தாது. கிலோகிராம்-மீட்டரில் சொல்லப்படும் முறுக்கு விசையை நிமிஷச் சுற்றுகளால் பெருக்கி 716-ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி கிடைக்கும். 4,000 சுற்றில் 14 அளவு தரும் எஞ்சின் 78 குதிரைச் சக்தி உடையது. 2,000 சுற்றில் 20 அளவு தரும் மற்றொன்று அந்த வேகத்தில் 56 குதிரைச் சக்தியே தரும். ஆனால் முதல் எஞ்சின் 2,000 சுற்றில் 15 அளவே தருமானால், அங்கே அதன் சக்தி 42 தான். அதைக் கீழ்க் கியரில் வேகமாகச் சுழற்றிப் பாரம் இழுக்கலாம். அதனால் எண்ணெய்ச் செலவும் தேய்மானமும் மிகும். வரப்போரப் பாதையிலும் மலையேற்றத்திலும் மெதுவாகச் செல்லும் வண்டிக்கு இரண்டாவதே தகுதி. இக்காலத்து விளம்பரங்களில் இவ்விசை நியூட்டன்-மீட்டரில் கூறப்படுகிறது, அதை 9.81-ஆல் வகுத்துக்கொள்க.

4. வண்டியோடு பொருத்தம்

வேறு மாதிரி எஞ்சினாயின், அதைத் தாங்கும் இடங்கள், கிளட்ச், கியர் பாக்ஸ், ரேடியேட்டர், முன் அச்சு தாங்கும் எடை ஆகிய யாவும் ஒத்துவர வேண்டும். பலத்த எஞ்சினைப் பலமற்ற கியர் பாக்ஸோடு இணைத்தால் பற்சக்கரம் உடையும். மின்னணுக் கட்டுப்பாட்டுடன் இயங்கும் புதுவகை டீசல் எஞ்சினுக்கு அதற்குரிய கட்டுப்பாட்டுப் பெட்டி, உணர்கருவிகள், மின்கம்பித் தொகுதி யாவும் வேண்டும். அவையின்றி எஞ்சினை மட்டும் வாங்குவது பயன்படாது. ஆகவே, அதே மாதிரியை அதே வகையால் மாற்றுவதே குடியானவருக்குத் தொல்லையில்லாத வழி.

5. சட்ட விஷயம்

கிராம அலுவலர்கள் இதனைக் குடிகளுக்கு விளங்க எடுத்துச் சொல்லுதல் நன்று. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாறுதல்களைப் பற்றியது. எஞ்சினை மாற்றுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, மாற்றிய 14 நாட்களுக்குள் அறிவித்து, பதிவுப் புத்தகத்தில் புதிய நம்பரைப் பதிய வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதமும் பெறுக. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். நம்பர் ஒத்துவராத வண்டிக்குத் தகுதிச் சான்று பெறுவதும், விபத்து நேர்ந்தால் நஷ்ட ஈடு பெறுவதும், வாரிசு பேருக்கு மாற்றுவதும் கஷ்டமாகும். நம்பர் ராவப்பட்ட எஞ்சினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடலாகாது. அது களவுப் பொருளாக இருக்கலாம். விற்றவரிடம் ரசீதும் முந்தைய வண்டியின் பத்திர நகலும் பெற்று வைத்துக்கொள்க.

6. மாட்டிய பிறகு

பழைய எஞ்சின் கெட்ட காரணத்தைக் கண்டுபிடித்து நீக்காவிட்டால் புதியதும் அதே வழியே போகும். ரேடியேட்டரைக் கழுவி, ரப்பர்க் குழாய்களையும், காற்று, மசகெண்ணெய், டீசல் வடிகட்டிகளையும் மாற்றுக. எஞ்சின் இறங்கியிருக்கும்போதே கிளட்சையும் பார்த்துக்கொண்டால் இரட்டைக் கூலி மிச்சமாகும். முதல் 1,000 கிலோமீட்டர் வரை முழுப் பாரம் ஏற்றாமலும், நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்டாமலும் பழக்கி, பின்பு மசகெண்ணெயை மாற்ற வேண்டும்.

சுருங்கக் கூறின், நோயைச் சரிவர அறிதல், வருஷக் கணக்குப் பார்த்தல், அதே மாதிரியை நாடுதல், பத்திரங்களைச் சரிசெய்தல் ஆகிய நான்கையும் அறுவடைக்கு முன்னரே, வேலை குறைந்த மாதத்தில் செய்து முடிப்பவர், சந்தை நாளில் வண்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.